கோழிக்கூடும் கோப்பிக்காடும்: டிம்போலா வீட்டில் ஒரு பகல்

டிம்போலா வீட்டுத் தோட்டத்தில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வெண்கலச் சிலையாக நிற்கிறார். கூட வந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவருதான் வீட்டுக்காரரா புள்ள?" என்று கேட்டார். "இல்லம்மா, பாட்டுக்காரர்" என்றேன். 1970இல் வைட் தீவு இசை விழா நடந்த ஆஃப்டன் மேடு இந்த வீட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆறு லட்சம் பேர் வந்ததாகச் சொல்லப்படும் அந்த விழாவில் பாடிவிட்டுப் போன ஹென்ட்ரிக்ஸ் மூன்று வாரத்துக்குள் இறந்துபோனார். 2006இல் இந்தத் தோட்டத்தில் சிலை வைத்தார்கள். விக்டோரியா காலத்துப் புகைப்படக்காரியின் வீட்டு வாசலில் அவருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடித்திருந்தது. அந்த வீட்டுக்காரி உயிரோடு இருந்திருந்தால் அவரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கண்ணாடி அறையில் உட்கார வைத்துப் படம் எடுத்திருப்பார்.

வீட்டுக்காரியின் பெயர் ஜூலியா மாகிரட் கமரன். இங்கிலாந்தின் தென்கரைக்கு எதிரே இருக்கும் வைட் தீவின் மேற்கு முனையில், ஃப்ரெஷ்வாட்டர் குடாவை ஒட்டி, சுண்ணாம்புப் பாறைகளும் கடலும் தெரிகிற இடத்தில் வீடு இருக்கிறது. லிமிங்டனில் கப்பல் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் யார்மத்தில் இறங்கிவிடலாம். அங்கிருந்து கொஞ்ச தூரம்தான்.

1860இல் கமரன் அம்மையார் இந்தப் பக்கம் வந்தது கவிஞர் டென்னிசனைப் பார்க்க. டென்னிசன் ஃபாரிங்ஃபர்டு என்ற வீட்டில் இருந்தார். பார்க்க வந்தவர் ஊரைவிட்டுப் போக மனமில்லாமல், அடுத்தடுத்து நின்ற இரண்டு வீடுகளை விலைக்கு வாங்கி, நடுவே ஒரு கோபுரம் கட்டி ஒன்றாக்கிவிட்டார். இப்போதும் வெளியே நின்று பார்த்தால் அந்த ஒட்டு தெரியும். இரண்டு பக்கமும் சாதாரண வீடு, நடுவில் கோதிக் பாணியில் ஒரு கோபுரம். அழகான கட்டடம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவசரத்தில் எடுத்த முடிவு, ஆனால் எடுத்தவருக்கு அதில் ஒரு சந்தேகமும் இருந்ததாகத் தெரியவில்லை. அவருடைய படங்களும் ஏறக்குறைய அப்படித்தான்.

வீட்டுக்கு வைத்த டிம்போலா என்ற பெயர், இலங்கை மலைநாட்டில் இருக்கும் எங்கள் திம்புள்ள. ஹட்டனிலிருந்து நுவரெலியா பஸ்ஸில் ஏறி, கொட்டகலை தாண்டி, பத்தனைச் சந்தி தாண்டி, டெவன் நீர்வீழ்ச்சி தெரிகிறதா என்று எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்கிற அந்த வளைவுகள் இருக்கின்றனவே, அந்த நிலம். இன்று அது தேயிலை. கமரன் குடும்பத்தின் காலத்தில் கோப்பி. அவர்களுக்கு அங்கே கோப்பித் தோட்டம் இருந்தது, அந்தத் தோட்டத்தின் பெயரைத்தான் கொண்டுவந்து இந்தக் கடலோர வீட்டுக்குச் சூட்டினார்கள். பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அம்மா, "நம்ம திம்புள்ளயா?" என்றார். நம்ம திம்புள்ளதான்.

இலங்கையில் பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்த எவருக்கும் இந்தக் குடும்பப் பெயர் ஒரு பரீட்சைக் கேள்வியாக மனதில் கிடக்கும். கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம், 1833, ஐந்து அம்சங்களைக் குறிப்பிடுக. அந்தக் கமரன் இந்த அம்மாவின் கணவர். சாள்ஸ் ஹே கமரன் 1830இல் இலங்கைக்கு வந்து நீதித்துறையை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். நீதிப் பட்டயம் அதிலிருந்து வந்தது. இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்ததும், கண்டிக்கென்று இருந்த தனி நிர்வாகம் முடிந்ததும், சட்டநிரூபண சபை உருவானதும் அந்த ஆணைக்குழுவின் வழியாகத்தான். பிறகு அவர் கல்கத்தாவில் சட்ட ஆணையத்தில் பெரிய பதவியில் இருந்தார். 1815இல் கல்கத்தாவிலேயே பிறந்த ஜூலியாவை 1838இல் மணந்தார். மனைவியைவிட இருபது வயது மூத்தவர். சட்டம் எழுதிக் கொடுத்த மனிதர் பின்னாளில் அதே மலைநாட்டில் காணி வாங்கிக் கோப்பி போட்டார். நாங்கள் ஐந்து அம்சங்களையும் மனப்பாடம் செய்தோம், இந்த ஆறாவதை எந்த ஆசிரியரும் சொல்லித் தரவில்லை.

காடாக இருந்த மலையை 1840ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசு தன் காணி ஆக்கிக்கொண்டு விற்றது. கண்டிக் கிராமத்தவர் துரைமாரின் தோட்டத்தில் கூலிக்கு நிற்க விரும்பவில்லை. ஆள் வந்தது தமிழ்நாட்டிலிருந்து. திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து தோணி ஏறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரை நடந்தார்கள். கோப்பி பறிப்புக் காலத்துக்கு வந்து, முடிந்ததும் திரும்பி நடந்தவர்கள் பலர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு ஆனதைக் குறிக்கும் 'மலையகம் 200' நினைவுக்காகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, அதே பாதை. டிம்போலா வீட்டின் கோபுரத்துக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் நான் அந்தப் பாதையைத்தான் காட்டுவேன்.

இதைச் சொல்லிவிட்டதால் அந்த அம்மாவின் படங்களைப் பிடிக்காமல் போய்விடவில்லை. பிடிக்கத்தான் செய்கிறது, அதுதான் சிக்கல்.

அவர் கெமராவைத் தொட்டது 48 வயதில். 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு பெட்டிக் கெமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். கணவர் இலங்கைத் தோட்டத்துக்குப் போயிருந்த நேரம், தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று. ஆனால் புகைப்படம் அவருக்குப் புதிதல்ல. இருபதுகளின் தொடக்கத்தில் நன்னம்பிக்கை முனையில் உடம்பு தேறத் தங்கியிருந்தபோது வானியலாளர் ஜோன் ஹெர்ஷலுடன் பழக்கமாகியிருந்தார். படத்தை நிலைநிறுத்தும் 'ஹைப்போ' உப்பின் பயனைக் கண்டு சொன்ன அதே ஹெர்ஷல், பின்பு கல்கத்தாவுக்கு மாதிரிப் படங்களை அனுப்பிக் கொடுத்தவர். ஆக இருபது வருடம் மனதில் கிடந்த விதைதான் அந்தப் பரிசால் முளைத்தது. கரி போட்டு வைக்கும் அறை இருட்டறை ஆனது. கண்ணாடி வைத்த கோழிக்கூடு படப்பிடிப்பு அறை ஆனது. கோழிகளுக்கு விடுதலை கிடைத்தது, அவற்றை யாரும் சமைத்துச் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று நம்புவதாக அவரே பின்னாளில் எழுதி வைத்திருக்கிறார். (படத்தை அச்சிட்ட தாள் முட்டை வெள்ளைக்கரு பூசிய தாள். கோழியைத் துரத்தினாலும் முட்டையை விட முடியவில்லை.)

அந்தக் காலத்து முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது விளங்காது. ஈரத்தட்டு முறை என்பார்கள். வெடிபஞ்சை ஈதரிலும் சாராயத்திலும் கரைத்தால் பிசுபிசுவென்று ஒரு திரவம் வரும், அதுதான் கொலோடியன். அதைக் கண்ணாடித் தட்டின்மேல் ஊற்றி, நாலு மூலைக்கும் ஓடும்படி சாய்த்துச் சாய்த்துப் பரப்ப வேண்டும். ஒரு தூசி விழக்கூடாது. பிறகு இருட்டறையில் வெள்ளி நைத்திரேற்றுத் தொட்டியில் முக்கினால்தான் தட்டுக்கு ஒளியை உணரும் குணம் வரும். அது காய்வதற்குள், ஏறக்குறைய பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள், கெமராவில் செருகி, படம் எடுத்து, திரும்ப இருட்டறைக்கு ஓடி, இரசாயனத்தை ஊற்றி உருவத்தை வரவழைத்து, கழுவி, நிலைநிறுத்த வேண்டும். நிலைநிறுத்த அவர் பயன்படுத்தியது பொட்டாசியம் சயனைட். ஆமாம், அந்த நஞ்சேதான். ஒவ்வொரு தட்டையும் கழுவ வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர் வேண்டும். அதை இறைத்துக் கொடுத்தவர்கள் வேலைக்காரப் பெண்கள்.

வெள்ளி நைத்திரேற்று பட்ட இடமெல்லாம் தோல் கறுக்கும், தேய்த்தாலும் போகாது. 1864இல் இத்தாலியப் போராளி கரிபால்டி டென்னிசன் வீட்டுக்கு வந்தபோது, படம் எடுக்க அனுமதி கேட்டு இந்த அம்மா அவர் முன் மண்டியிட்டார் என்றும், கறுத்த கைகளையும் கறை படிந்த உடுப்பையும் பார்த்து அவர் பிச்சைக்காரி என்று நினைத்தார் என்றும், "இது அழுக்கில்லை, கலை" என்று இவர் கையைத் தூக்கிக் காட்டினார் என்றும் ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, அவருடைய சுபாவத்துக்குப் பொருந்துகிறது.

படத்துக்கு உட்கார்ந்தவர்கள் பாடு சொல்ல வேண்டாம். சில நிமிடங்கள் ஆடாமல், அசையாமல், இமைக்காமல் இருக்க வேண்டும். தலையைப் பின்னால் பிடித்து நிறுத்தும் இரும்புக் கவ்வியை மற்றப் படப்பிடிப்பு நிலையங்களில் வைத்திருப்பார்கள். இவர் வைக்கவில்லை. அதனால் முகங்கள் மிக மெல்ல அசைந்திருக்கின்றன, படம் அந்த அசைவையும் வாங்கியிருக்கிறது. வில்லையும் அந்தக் கால வில்லை. கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற இடமும் தட்டில் தெளிவாக விழுகிற இடமும் ஒன்றாக இருக்காது. ஆனால் மங்கல் முழுவதையும் வில்லையின் தலையில் போடுவது சரியில்லை. குவியத்தைத் திருப்பிக்கொண்டே வரும்போது எந்த இடத்தில் அழகாகத் தெரிகிறதோ அங்கேயே நிறுத்திவிடுவேன், மற்றவர்களைப் போலக் கூர்மை வரும்வரை திருப்பிக்கொண்டிருக்க மாட்டேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். புகைப்படச் சங்கத்துக்காரர்கள் திட்டினார்கள். கைரேகை விழுந்திருக்கிறது, கொலோடியன் உரிந்திருக்கிறது, தட்டு கீறியிருக்கிறது, இதைக் கண்காட்சிக்கு அனுப்புவதா என்று. அவர் கேட்கவில்லை. 1865இலேயே இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் அவருடைய படங்களை வாங்கியது. 1868இல் தன் கட்டடத்திலேயே படப்பிடிப்புக்கு இரண்டு அறைகளையும் ஒதுக்கிக் கொடுத்தது.

நூதனசாலை ஆகிவிட்ட இந்த வீட்டின் அறைகளில் அந்த முகங்கள் தொங்குகின்றன. டென்னிசன், வானியலாளர் ஹெர்ஷல், எழுத்தாளர் கார்லைல், டார்வின். 1868 கோடையில் டார்வின் குடும்பத்தோடு வந்து கமரன் அம்மாவின் வீடொன்றில்தான் வாடகைக்கு இருந்தார். பெரிய தாடிகள், பெரிய நெற்றிகள். எனக்கு அவற்றில் ஹெர்ஷலை மட்டும் பிடிக்கிறது. வெளுத்துச் சிலிர்த்து நிற்கும் அந்தத் தலைமயிரைப் படம் எடுக்குமுன் இவரே கழுவி விட்டார் என்று சொல்வார்கள். மற்ற ஆண்கள் எல்லோரும் தாங்கள் பெரிய மனிதர்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெண்களின் படங்கள் வேறு மாதிரி. மேரி ஹில்லியர் என்ற வேலைக்காரப் பெண் எத்தனையோ படங்களில் மரியாளாக வருகிறார். காலையில் தண்ணீர் இறைத்தவர், மத்தியானம் தலையில் முக்காடு போட்டு யாராவது ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தேவமாதா. படத்தின் தலைப்பில் அவருடைய பெயர் இருக்காது. ஆனாலும் அவர் யார், யாரை மணந்தார், எங்கே இருந்தார் என்பதெல்லாம் இந்த ஊருக்குத் தெரியும். 1936 வரை வாழ்ந்தார்.

இன்னொரு மேரி, மேரி ரையன். ஐரிஷ்காரத் தாயுடன் லண்டன் பக்கத்தில் பிச்சை எடுத்துக்கொண்டிருந்த சிறுமியை கமரன் அம்மா வீட்டுக்குக் கூட்டி வந்து, படிக்கவும் வைத்து, வேலைக்காரியாகவும் வைத்துக்கொண்டார். லண்டன் கண்காட்சியில் அவளுடைய படத்தைப் பார்த்த ஓர் இளைஞன் மனதைப் பறிகொடுத்து, இரண்டு வருடம் கழித்து வந்து பெண் கேட்டான். 1867இல் கல்யாணம். அந்த இளைஞன் ஹென்றி காட்டன். இந்திய சிவில் சேவையில் சேர்ந்து அசாமின் தலைமை ஆணையர் வரை உயர்ந்தவர், அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்குக் கூலி கூட்டிக் கொடுக்க வேண்டும் என்று நின்று துரைமாரின் பகையைச் சம்பாதித்தவர், 1904இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைவர். நான் இதை அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் மேரி ரையன் படத்தின் முன்னால் நின்றுவிட்டார். "அந்தப் புள்ளதான் சொல்லிக் குடுத்திருக்கும், பசின்னா என்னான்னு" என்றார். ஆதாரம் கேட்க முடியாத வரலாறு. ஆனாலும் நான் மறுத்துப் பேசவில்லை.

அலமாயு என்ற ஏழு வயதுப் பையனின் படமும் இந்த ஊரில்தான் எடுக்கப்பட்டது. எத்தியோப்பியப் பேரரசர் தெவோத்ரோஸின் மகன். 1868இல் மக்தலா கோட்டையை ஆங்கிலேயப் படை பிடித்தபோது தகப்பன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். தாயும் சில வாரங்களில் இறந்தாள். பையனைக் கொள்ளைப் பொருட்களோடு இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். கமரன் எடுத்த படத்தில் அவன் பார்க்கிற பார்வையை விவரிக்க எனக்கு விருப்பமில்லை. தேடிப் பாருங்கள்.

பாட்டன் காலத்துக் கோப்பிக் கதையை எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒரு வரியில் சொல்வார்கள், "நோய் விழுந்து கோப்பி செத்துச்சு, தேயிலை வந்துச்சு." அந்த நோய் 1869இல் இலங்கையில் தெரிய வந்தது. இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பொடி படியும், தொட்டால் விரலில் ஒட்டும், இலை உதிரும், செடி மொட்டையாகும். ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்பது அந்தப் பூஞ்சணத்தின் பெயர். வாயில் நுழையாத துரைமார் 'நாசகார எமிலி' என்று கேலிப்பெயர் வைத்தார்கள். கேலி நீண்ட நாள் நிற்கவில்லை. பதினைந்து இருபது வருடத்தில் மலைநாட்டுக் கோப்பி முழுவதும் போயிற்று. வேலை போன கூலிகளுக்கு என்ன ஆனது என்பதைப் பற்றி டிம்போலாவில் எதுவும் எதிர்பார்க்க முடியாது, அது இந்த வீட்டின் கதை இல்லை என்றுதான் சொல்வார்கள். ஆனால் கமரன் குடும்பத்துக்கு என்ன ஆனது என்பது இந்த வீட்டின் கதை. வருமானம் சுருங்கியது. அவர்கள் ரசனை சாமானியமானதல்ல, கடனும் ஏறியது. 1875இல் வீட்டைவிட்டு இலங்கைக்குக் கப்பல் ஏறினார்கள்.

போகும்போது கூடவே ஒரு பசுமாட்டைக் கொண்டுபோனார்கள். இரண்டு சவப்பெட்டிகளையும். அங்கே நல்ல பெட்டி கிடைக்குமோ கிடைக்காதோ என்ற முன்யோசனை. வெறுமையாகக் கொண்டுபோவானேன் என்று பீங்கான் சாமான்களையும் கண்ணாடிச் சாமான்களையும் அவற்றில் அடுக்கிக்கொண்டார்கள். சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்குக் கூலியோடு கொடுக்கச் சில்லறை இல்லாமல் படங்களைக் கொடுத்தார் என்பது இன்னொரு கதை. அந்தப் படம் ஒன்று இன்று ஏலத்துக்கு வந்தால் என்ன விலை போகும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மகன் ஹார்டிங் இலங்கைச் சிவில் சேவையில் இருந்ததால் களுத்துறையில் தங்கினார்கள். 1877இல் தாவர ஓவியர் மரியான் நோர்த் அந்த வீட்டுக்கு வந்துபோய், பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். சுவரெல்லாம் படம், மேசையிலும் கதிரையிலும் தரையிலும் படம், ஈரம் ஏறிய புத்தகங்கள், உள்ளே வெளியே ஓடித் திரியும் முயலும் அணிலும். நோர்த்தையும் விடவில்லை. தலைமயிரை அவிழ்த்து, காஷ்மீர்ச் சால்வை போர்த்தி, முள்ளு முள்ளாகக் குத்தும் தென்னோலைக்கு முன்னால் உச்சி வெயிலில் நிறுத்தி, 96 பாகை பரனைட் வெக்கையில் இயல்பாக இரு என்று சொன்னாராம். அதே குறிப்பில் ஒரு தோட்டக்காரரும் வருகிறார். அந்த மனிதரின் முதுகு அழகாக இருக்கிறது என்பதற்காக அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி மகனை நெருக்கினாராம் கமரன். வீட்டில் தோட்டமே கிடையாது. அந்த ஆளுக்குத் தோட்ட வேலை என்றால் என்னவென்றும் தெரியாது. நோர்த் அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்கிறார். முதுகு இருக்கிறது, வேலை இருக்கிறது, ஆளின் பெயர் இல்லை.

இலங்கையில் அவர் எடுத்தவற்றில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. தண்ணீரும் வெக்கையும் ஈரத்தட்டு முறைக்கு ஒத்துவரவில்லை, தாளும் இரசாயனமும் கடல் கடந்து வர வேண்டும். எஞ்சியவற்றைப் பார்த்தால் ஒன்று உடனே தெரியும். தேவமாதாக்கள் இல்லை. ஆர்தர் அரசன் இல்லை. முக்காடும் இறக்கையும் வைத்துக் கதை சொல்கிற வேலையை அவர் ஃப்ரெஷ்வாட்டரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். ஆட்கள் ஆட்களாகவே நிற்கிறார்கள். கலை என்று பார்த்தால் இவை அவருடைய நேர்மையான படங்கள் என்பேன், பலர் ஒப்பமாட்டார்கள். ஆனால் தலைப்புகள்? 'இளம்பெண், இலங்கை'. 'களுத்துறைக் குடியானவர்கள்'. தோட்டத் தமிழர் யார், கரையோரச் சிங்களவர் யார் என்று பிரிக்கக்கூட அந்தத் தலைப்புகள் வழி விடவில்லை.

நூதனசாலையின் தேநீர்க்கடையில் உட்கார்ந்து அம்மாவுக்குத் தொலைபேசியில் இந்த இலங்கைப் படங்களைக் காட்டினேன். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர் அம்மா. தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சாயம் இருக்கு, மணம் இல்ல" என்று முதலில் அதற்குத் தீர்ப்புச் சொன்னார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார். களுத்துறைக் குடியானவர்கள் படத்தின் கீழே கமரன் எழுதியதை நான் தமிழில் சொன்னேன். சிறுமிக்கு வயது 12, தானே அவளுடைய தகப்பன் என்றும் தனக்கு வயது 100 என்றும் கிழவர் சொல்கிறார்.

"நூறு வயசா? கெழவன் நல்லா கத விட்டிருக்கான்" என்று சிரித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏன் புள்ள, வயச கேட்டவங்க பேர கேக்க எவ்வளவு நேரமாகும்? நம்ம கணக்கப்புள்ளகூட அரப்பேர் போடுறதுக்காவது பேர கேப்பாரு."

அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

இதை வைத்துக் கமரனைக் கூண்டில் ஏற்றுவது சுலபம், அந்த வேலையைச் செய்ய எனக்கு மனமில்லை. அந்தக் காலத்தில் காலனிகளில் படம் எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஆட்களை 'இன மாதிரி'யாக நிறுத்தி, பக்கத்தில் அளவுகோல் வைக்காத குறையாக எடுத்தவர்கள். இவர் அப்படி எடுக்கவில்லை. கிழவரோடு பேசியிருக்கிறார், அவர் அளந்த கதையைக் கேட்டிருக்கிறார், அதை எழுதி வைக்கத் தோன்றியிருக்கிறது. பேச்சு அத்தனை தூரம் போயும் பெயர் வரைக்கும் போகவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஹில்லியரும் ரையனும் அவர் வீட்டு வேலைக்காரிகள். அவர்களுடைய பெயரை அவர் எழுதாவிட்டாலும் ஊர் எழுதி வைத்தது. தேவாலயப் பதிவேடு, குடிமதிப்பு, கல்லறைக் கல், எல்லாம் அந்த ஊருக்கு இருந்தன. எங்களுடையவர்களுக்குத் தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள் பதிவேடுதான் இருந்தது, அதைக் காப்பாற்றி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

1879 ஜனவரி 26ஆம் தேதி டிக்கோயாவின் கிளென்கேர்ன் தோட்டத்தில் கமரன் இறந்தார். பொகவந்தலாவை தூய மரியாள் ஆலயத்தில் அடக்கம். அடுத்த வருடம் கணவரும் பக்கத்தில் வந்துவிட்டார். அம்மாவுக்குப் பொகவந்தலாவையில் சொந்தம் உண்டு, அந்தக் கோயிலையும் தெரியும். "அங்க ஒரு போட்டோக்காரி படுத்திருக்கான்னு யாரும் சொல்லலியே" என்றார்.

டிம்போலாவும் ஒருகட்டத்தில் இல்லாமல் போயிருக்க வேண்டியது. குடும்பம் போன பிறகு வீடு திரும்பவும் துண்டானது. ஒரு பாதி ஆளில்லாமல் சிதைந்து, 1990களின் தொடக்கத்தில் இடிக்கும் நிலைக்கு வந்தபோது, சில ஆர்வலர்கள் கூடி ஜூலியா மாகிரட் கமரன் அறக்கட்டளை என்று ஒன்றை அமைத்துப் பணம் திரட்டி வாங்கினார்கள். அரசாங்கத்தின் பெரிய நூதனசாலைகளுக்கு இருக்கும் வசதி இதற்குக் கிடையாது. தேநீர்க்கடையும் சின்னப் புத்தகக் கடையும் நுழைவுச் சீட்டும்தான் வருமானம். அந்தச் சிறுமை எனக்குப் பிடித்திருக்கிறது. படங்களை எடுத்த வீட்டிலேயே படங்களைப் பார்க்கும்போது அளவு சரியாக வருகிறது. சன்னல் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும், கிணற்றிலிருந்து தண்ணீர் எவ்வளவு தூரம் வர வேண்டும் என்றெல்லாம் உடம்புக்குத் தெரிகிறது. லண்டனின் பெரிய மண்டபத்தில் இது கிடைக்காது. அதே காரணத்தால்தான் இந்த வீட்டிடம் நான் கூடுதலாக எதிர்பார்க்கிறேன். ஓர் அறை, ஓர் அறை வேண்டாம், ஒரு சுவர், திம்புள்ளவுக்கென்று. 1860களின் மலைநாட்டு வரைபடம் ஒன்று, மன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு கோடு, நோய் பிடித்த கோப்பி இலை ஒன்று. வேலைக்கு நிற்கும் நல்ல மனிதர்களிடம் இதைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார்கள், எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாசிப்பவர்களிடம் வேறொன்று கேட்கிறேன். களுத்துறையிலும் டிக்கோயாவிலும் அந்த அம்மா படங்களை வாரி இறைத்திருக்கிறார், மூட்டை தூக்கியவருக்கே கொடுத்தவர் அவர். முப்பதுக்கும் குறைவு என்பது நூதனசாலைகளுக்குத் தெரிந்த கணக்கு. களுத்துறைப் பக்கத்துப் பழைய வீடுகளிலோ, தோட்டத்துப் பெரிய பங்களாக்களின் ஸ்டோர் அறைகளிலோ, தேவாலய அலுமாரிகளிலோ, மண்ணிறமாக மங்கிய பெரிய படம் எதையாவது பார்த்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் பொலித்தீன் பையில் மூடி வைக்கவும் வேண்டாம், பூஞ்சணம் பிடிக்கும். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் தட்டையாக வையுங்கள். முதலில் திருப்பி அட்டையின் பின்பக்கத்தைப் பாருங்கள், யாராவது எதையாவது எழுதியிருக்கிறார்களா என்று.